அல் குத்ராவுல பாத்த வெள்ளை மான்: இது காட்டு மிருகமா, வளர்ப்பு மிருகமா?

பரமக்குடி_பாலைவனம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தவன், மொத தடவையா கேள்வி கேக்குறேன், தப்பா இருந்தா பொறுத்துக்கங்க.

நான் துபாய்ல ஏசி மெயின்டனன்ஸ் வேலைல இருக்கேன். போன மாசம் வீட்டம்மாவும் பையனும் விசிட் விசால வந்திருந்தாங்க. மாலு, உசரமான பில்டிங்கு எல்லாம் ரெண்டே நாள்ல பையனுக்கு சலிச்சுப் போச்சு, சரின்னு வெள்ளிக்கெழம விடியக்காலைல ரூம்மேட் வண்டிய வாங்கிட்டு அல் குத்ரா ஏரிப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். அங்க ரோட்டுல இருந்து ஒரு அம்பது அடி தூரத்துல நாலு மிருகம் நின்னுச்சு பாருங்க. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை, மூஞ்சில மட்டும் கறுப்பா மாஸ்க் போட்ட மாதிரி, காலு சாக்லேட் கலரு, கொம்பு ரெண்டும் ஈட்டி மாதிரி நேரா நீளமா. பையன் மூச்சே விடல. நானும் இத்தன வருசமா கத்தார் ஏர்வேஸ் ஃப்ளைட்டு வால்ல இதத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன், படம்னு நெனச்சிட்டு இருந்தேனே ஒழிய உசுரோட இப்படி ஒண்ணு இருக்கும்னு தோணல.

அப்புறம்தான் விசயமே. கொஞ்ச நேரத்துல ஒரு பிக்கப் வந்துச்சு, காஞ்ச புல்லுக்கட்டு நாலஞ்ச தள்ளிவிட்டுட்டுப் போச்சு, இதுங்க எல்லாம் கோயில் மாடு மாதிரி நடந்து போய் வரிசையா நின்னு தின்ன ஆரம்பிச்சிருச்சு. எனக்கு சப்புன்னு ஆயிருச்சு. பையன் ரூமுக்கு வந்து போன்ல தேடிட்டு "அப்பா இது 1972லயே காட்டுல அழிஞ்சு போச்சாம், அப்புறம் திரும்ப விட்டாங்களாம்"ங்குறான். அழிஞ்சு போனது எங்கேர்ந்துடா திரும்ப வந்துச்சுன்னு கேட்டா அவனுக்கும் தெரியல.

அதான் கேக்குறேன். ஒண்ணு, இது மான் தானா. ரெண்டு, அழிஞ்சது எப்படித் திரும்ப வந்துச்சு. மூணாவதுதான் எனக்கு முக்கியம், புல்லு போட்டு தண்ணி வச்சு வளக்குறதுக்குப் பேரு காட்டுல விடுறதா? அப்ப எங்க அப்பத்தா வளத்த ஆடும் காட்டு ஆடுதானே?

புல்வாய்:

அப்பத்தா ஆடு கேள்வி அருமை 😄 அதுக்கு கடைசில வரேன், ஏன்னா எனக்கே அதுல முழுத் தெளிவு கெடையாது. நான் வைல்ட்லைஃப் பயாலஜி படிச்சவன், கோடியக்கரைல வெளிமான் பின்னாடி ரெண்டு வருசம் சுத்துனவன், அதனால மொத கேள்வி நம்ம ஏரியா.

நீங்க பாத்தது அரேபிய ஓரிக்ஸ். அரபில மஹாம்பாங்க, வுதைஹின்னும் ஒரு பேரு உண்டு. மானான்னா, நம்ம பேச்சு வழக்குல மான்தான், யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. ஆனா புள்ளிமான், கடமானுக்கெல்லாம் கொம்பு வருசா வருசம் உதிர்ந்து திரும்ப முளைக்கும், அதுவும் ஆணுக்கு மட்டும்தான். இதுக்கு மாடு, ஆட்டுக்கு இருக்குற மாதிரி நெலையான கொம்பு, ஒடஞ்சா ஒடஞ்சதுதான். ஆணு பொண்ணு ரெண்டுக்குமே இருக்கும். கோடியக்கரைல, கிண்டில இருக்குற வெளிமானும் இந்த மாட்டுக் குடும்பத்துல சேந்ததுதான், அதத்தான் பழைய தமிழ்ல இரலை, புல்வாய்னு தனியா பேரு வச்சு பிரிச்சிருக்காங்க, என் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும். பக்கவாட்டுல நின்னா ரெண்டு கொம்பும் ஒண்ணா தெரியும், அதப் பாத்துத்தான் ஒத்தக்கொம்புக் குதிரைக் கதையே கெளம்பிருக்கும்னு சொல்றவங்க இருக்காங்க.

ஒடம்பு விசயம் கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா நீங்க தண்ணி வச்சு வளக்குறாங்கன்னு சொன்னீங்க பாருங்க, இது மாசக்கணக்கா தண்ணி குடிக்காம தாக்குப் புடிக்குற மிருகம். புல்லு, கெழங்கு, இலைல விழுற பனி, இதுல இருக்குற ஈரம் போதும். பகல்ல வேத்து ஒழுகி ஒடம்பக் குளுத்துனா தண்ணி போயிரும்ல, அதனால ஒடம்பு சூட்ட அப்படியே ஏற விட்டுட்டு ராத்திரி குளுந்த காத்துல அத எறக்கிக்கும். வெயில் காலத்துல மரத்தடில குளம்பால மண்ணைப் பறிச்சு உள்ளாற இருக்குற குளுந்த மண்ணுல படுத்துக்கும். எந்த மரம் தெரியுமா, அங்க காஃப்னு சொல்ற மரம், எமிரேட்ஸோட தேசிய மரம், அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம சிவன் கோயில்ல இருக்குற வன்னி மரம்தான். சீமைக்கருவேலத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். உங்க ராமநாதபுரத்துக்காரங்ககிட்ட சீமைக்கருவேலம் பத்திப் பேசுனா அடிக்க வருவீங்க, அதனால விட்டுடுறேன்.

இனி ரெண்டாவது கேள்வி. ஒரு காலத்துல அரேபியா முழுக்க, சிரியா, ஈராக் பக்கம் வரைக்கும் இது இருந்துச்சு. பெதுவின்னு சொல்ற பாலைவன நாடோடி ஆளுங்க காலங்காலமா வேட்டையாடித்தான் இருக்காங்க, ஆனா ஒட்டகத்துல ஏறி ஒத்தத் துப்பாக்கியோட பாலைவனத்துல நாள்கணக்கா தேடுனா எத்தனதான் அடிக்க முடியும். எண்ணெய் வந்துச்சு, அதோட ஜீப்பு, ட்ரக்கு, ஆட்டோமேட்டிக் துப்பாக்கி எல்லாம் வந்துச்சு. வெட்டவெளில வண்டியோட ஓடி ஜெயிக்க எந்த மிருகத்தால முடியும். 1960கள் வர்றப்ப ஓமான், ஏடன் பக்கம் கொஞ்சம்தான் மிச்சம்.

1962ல லண்டன்ல இருந்த ஒரு வனவிலங்கு சங்கம் இயன் கிரிம்வுட்டுங்குற ஆள அனுப்புச்சு, கென்யாவுல வனத்துறை தலைவரா இருந்தவரு. அவரு இப்ப யேமன்ல இருக்குற அந்த ஏடன் பகுதில அலஞ்சு திரிஞ்சு மொத்தமா நாலுதான் புடிச்சாரு. அதுலயும் ஒண்ணு செத்துப் போச்சு, ஒடம்புல ஏற்கெனவே யாரோ சுட்ட குண்டு இருந்துருக்கு. மிச்சம் மூணு. லண்டன் ஜூவுல இருந்தது, குவைத்துல ஒருத்தர் வச்சிருந்தது, சவுதி மன்னர் குடுத்ததுன்னு அங்கங்க கேட்டு வாங்கி மொத்தம் ஒம்பது சேத்தாங்க. அத அமெரிக்காவுல அரிசோனாவுக்குக் கொண்டு போனாங்க, அங்கயும் காஞ்ச பூமிதானேன்னு. பத்து வருசம் கழிச்சு 1972ல ஓமான்ல கடைசியா இருந்த கூட்டத்தயும் வேட்டைக்காரங்க முடிச்சுட்டாங்க. அதோட காட்டுல சைபர். அதனால உங்க பையன் சொன்னதும் சரி, நீங்க பாத்ததும் சரி. இன்னிக்கு உலகத்துல இருக்குறதுல நெறைய அந்த ஒம்பதோட வாரிசுங்கதான், கூட அரேபியாவுலயே ஷேக்குங்க தோட்டத்துல தனியா தப்பிச்சு வளந்த சில கூட்டமும் சேந்துச்சு.

கள்ளிச்செடி:

நான் யாழ்ப்பாணம், இப்ப பதினாறு வருசமா அரிசோனா பீனிக்ஸில இருக்கிறன். புல்வாய் சொன்ன அந்த மிருகக்காட்சிசாலை எங்கட வீட்டில இருந்து இருபது நிமிச ஓட்டம். 1962ல திறந்ததாம், அடுத்த வருசமே இந்த ஒரிக்ஸுகள் வந்திட்டுது, அந்த வருசமே குட்டியும் போட்டிட்டுது. இதுவரைக்கும் இருநூறுக்கு மேல குட்டியள் அங்க பிறந்திருக்கு.

பிள்ளையள் சின்னனா இருக்கேக்க எத்தினை தரம் போயிருப்பம், ஆனா சனம் எல்லாம் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி பாக்கத்தான் ஓடும், இதுக்கு முன்னால ஒருத்தரும் நிக்கிறேல்ல. நானும் நிண்டதில்ல. இந்த இழையை வாசிச்சாப் பிறகுதான் யோசிக்கிறன், ஜூன் மாசம் நாப்பத்தஞ்சு பாகை வெயிலுக்கை அதுகள் மட்டும் ஒரு அசுமாத்தமும் இல்லாமல் நிண்டது ஏனெண்டு.

ஒரு கேள்வி. ஒம்பதில இருந்து ஆயிரக்கணக்கா எண்டால் சொந்தத்துக்கை சொந்தம் கலந்து நோய் நொடி வராதோ?

புல்வாய்:

@கள்ளிச்செடி வரும்க்கா, அதுக்குத்தான் ரெஜிஸ்டர் போட்டு வச்சாங்க. எது எதுக்குப் பொறந்துச்சு, எந்த ஜூவுல இருக்கு, எதோட சேக்கலாம் எதோட சேக்கக்கூடாதுன்னு. நம்ம ஊர் ஜாதகப் பொருத்தம் மாதிரியேதான், ஒரே கோத்திரம் வரக்கூடாது, ஒரே வித்தியாசம் இங்க தோசம் நெஜமாவே குட்டியக் கொன்னுரும். ஒரே எடத்துல வச்சா ஒரு நோய் வந்து மொத்தமும் போயிரும்னு சான்டியாகோ, அப்புறம் ஐரோப்பான்னு பல எடத்துக்குப் பிரிச்சு வச்சாங்க. அந்தப் பயம் சும்மா இல்ல, சவுதில தாயிஃப் பக்கம் 1986ல ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சப்ப கூட்டத்துல டிபி இருந்துச்சு. கன்னுக்குட்டிய தாய்கிட்டருந்து பிரிச்சு கையால பாலு குடுத்து வளத்துத்தான் நோயில்லாத கூட்டத்த உண்டாக்குனாங்க.

1978ல ஜோர்டான்ல ஷவ்மரிங்குற எடத்துக்கு வேலிக்குள்ள கொண்டு வந்தாங்க. வேலியே இல்லாம உண்மையான காட்டுல மொதமொதலா தெறந்து விட்டது ஓமான்தான், 1982 ஜனவரில, பத்து உருப்படி. சுல்தான் காபூஸ் தனிப்பட்ட முறைல ஆர்வம் எடுத்து செஞ்சது. அந்தக் கதை சந்தோசமா ஆரம்பிச்சு எங்கயோ போயிரும். இங்க ஓமான்ல இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன்.

ஹைமாக்காரன்:

இருக்கேன் தம்பி. ஊரு நாகர்கோவில். 1993ல ஓமானுக்குப் போனது, பதினோரு வருசம் தண்ணி டேங்கர் ஓட்டுனேன், ஹைமாவுல இருந்து எண்ணெய் கம்பெனி கேம்புகளுக்கு. இப்ப வீட்டுல சும்மாதான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன் பாத்துக்கிடுங்க.

ஓரிக்ஸத் தெறந்து விட்ட எடத்துக்கு ஜித்தத் அல் ஹராசிஸ்னு பேரு. மணல்மேடு ஒட்டகம்னு சினிமால பாக்குற பாலைவனம் இல்ல கேட்டியளா, சப்பட்டையா சரளைக்கல்லு தரை, நாலு பக்கமும் ஒண்ணும் கெடையாது, ரோட்டுல இருந்து அரை மணி நேரம் தப்பி எறங்குனா எந்தப் பக்கம் வந்தோம்னே தெரியாது. தண்ணின்னு ஒரு சொட்டு தரைல கெடையாது. ஆனா விடியக்காலைல கடல் பக்கமிருந்து மூடுபனி வரும், வண்டிக் கண்ணாடில வைப்பர் போடணும் அப்டி ஈரம், மரத்துல இருந்து சொட்டும். அங்க செடிகொடி, ஆடு, ஓரிக்ஸு எல்லாம் அந்தப் பனிய நம்பித்தான் இருக்கு. நான் மொதல்ல பாத்தது 1995ல. தூரத்துல கானல்ல வெள்ள வெள்ளயா ஆடுதுன்னு நெனச்சேன், யாரோ ஹராசியோட ஆட்டுக்கூட்டம்னு, ஹராசிஸ்ங்குறது அந்தப் பக்கத்து நாடோடிக் கூட்டம். கிட்டப் போனா பதினஞ்சு இருவது ஓரிக்ஸு, தலைய நிமித்தி ஒரு பார்வ பாத்துச்சு, அவ்வளவுதான், ஓடக்கூட இல்ல, நடந்து போச்சு. புல்லுக்கட்டும் இல்ல பிக்கப்பும் இல்ல. பரமக்குடித் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான், காட்டுல இருக்குற ஓரிக்ஸுன்னா அது.

அங்க காவலுக்கு ஹராசிஸ் ஆளுகளயே போட்டிருந்தாவ. அவங்க பேசுறது அரபி இல்ல, ஹர்சூசின்னு தனி பாஷை, எழுத்து கெடையாது, அரபிக்காரனுக்கே புரியாது. ஜாலூனின்னு ஒரு எடத்துல கேம்பு. டேங்கர நிறுத்துனா சாயா குடுக்காம விடமாட்டாவ. அதுல ஒரு வயசாளி தரைல தடத்தப் பாத்து இது ஆணு, இது சினைப் பொண்ணு, இது நேத்து ராத்திரி போனதுன்னு சொல்லுவாரு, நான் கிண்டல் பண்றாருன்னே நெனச்சேன், ஒரு நாள் அவரு சொன்ன தெசைல போயி பாத்தா நெஜமாவே ஒரு பொண்ணும் ரெண்டு நாள் குட்டியும். குட்டி வெள்ளயா இருக்காது பாத்துக்கிடுங்க, மண்ணு நெறம், புதருக்குள்ள படுத்துக் கெடந்தா பக்கத்துல நின்னாலும் தெரியாது.

1994ல அந்த எடத்த யுனெஸ்கோ ஒலக பாரம்பரியப் பட்டியல்ல சேத்துது. ரெண்டு வருசத்துல நானூத்தம்பது உருப்படி ஆச்சு. பத்துல ஆரம்பிச்சது. கேம்புல அவனவன் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தான்.

1996ல ஆரம்பிச்சுது தீவினை. இந்தத் தடவ சுட்டுத் திங்குறதுக்கு இல்ல, உசுரோட புடிக்க. வெளிநாட்டுல பணக்காரனுக்கு சொந்தத் தோட்டத்துல நிறுத்தி வைக்க ஓரிக்ஸு வேணும், நல்ல காசு. வண்டில வெரட்டி வெரட்டி ஓட முடியாம விழுந்ததும் கால்கையக் கட்டி பிக்கப்புல போட்டு ராவோட ராவா எல்ல தாண்டுறது. பாதி வழிலயே செத்துரும். பொண்ணுக்குத்தான் கிராக்கி, குட்டி போடும்ல. நான் கண்ணால பாக்கல, சாயாக் குடில கேட்டதுதான், ஆனா கட்டுன கயிறோட ஒரு செத்த ஓரிக்ஸு ரோட்டோரம் கெடந்தத நானே பாத்தேன். 1998 செப்டம்பர்ல எண்ணுனப்ப காட்டுல 138தான், அதுல பொண்ணு வெறும் 28. வேற வழியில்லாம மிச்சத்துல கொஞ்சத்த திரும்பப் புடிச்சு வேலிக்குள்ள போட்டாவ. விட்டவங்களே திரும்பப் புடிக்க வேண்டிய கெதி. அந்த வயசாளி அன்னிக்கு சாயா குடுத்தாரு, ஒண்ணும் பேசல.

ஏன் நடந்துச்சுன்னா, எனக்குத் தோணுறத சொல்லுதேன். காவல் வேல கெடச்ச வீட்டுக்கு ஓரிக்ஸு சோறு போட்டுது, அவன் உசுரக் குடுத்துக் காத்தான். அதே பாலைவனத்துல ஆடு மேய்க்குற பக்கத்து ஆளுக்கு அதுனால என்ன கெடச்சுது? இங்க வராதே, அங்க மேய்க்காதேன்னு நாலு சட்டம்தான் கெடச்சுது. ஒரு ராத்திரில ஒரு வருச சம்பளம் கெடைக்கும்னா எவனாவது ஒருத்தன் போகத்தான் செய்வான்.

சும்மா_கேட்டேன்:

நல்லா எழுதுனீங்க ஐயா, ஆனா முடிவ விட்டுட்டீங்களே. 2007ல அந்தப் பாரம்பரியப் பட்டியல்லேர்ந்தே தூக்கிட்டாங்க. யுனெஸ்கோ வரலாத்துலயே பட்டியல விட்டு வெளிய போன மொத எடம் அதுதான். ஏன்னா ஓமான் அரசாங்கமே சரணாலயத்த தொண்ணூறு சதவீதம் சுருக்கிருச்சு, எதுக்கு? எண்ணெய் எடுக்க. அப்ப மிச்சம் 65 உருப்படி, அதுல நாலு ஜோடிதான் குட்டி போடுற நெலமைல.

இத நான் ஏன் சொல்றேன்னா, எல்லாரும் ஓரிக்ஸ காப்பாத்துன கதைய சொர்க்கவாசல் தெறந்த மாதிரி சொல்றாங்க. அழிச்சது யாரு, எண்ணெய்க் காசுல வண்டி வாங்குனவன். திரும்ப திருடுனது யாருக்காக, எண்ணெய்க் காசுல தோட்டம் வச்சவனுக்காக. எடத்தப் புடுங்குனது எதுக்கு, எண்ணெய்க்கு. இப்ப காப்பாத்துறதும் எண்ணெய்க் காசுதான். புள்ளையும் கிள்ளி தொட்டிலும் ஆட்டுறதுங்குறது இதத்தான். அல் குத்ராவுல புல்லு போடுறதும் டூரிஸ்டு போட்டோ எடுக்கத்தான், நான் எழுதித் தரேன்.

புல்வாய்:

@சும்மா_கேட்டேன் பாதி ஒத்துக்குறேன் பாஸ். எண்ணெய் பத்தி நீங்க சொன்னதுல ஒரு வார்த்த கூட மறுக்க முடியாது. ஆனா புல்லுக்கட்டு டூரிஸ்டுக்காக மட்டும்தான்னு சொல்றது அநியாயம், இங்கதான் அப்பத்தா ஆட்டுக் கேள்வியும் வருது.

சவுதில மஹஸாத் அஸ் ஸைத்னு ஒரு எடம், கிட்டத்தட்ட 2,244 சதுர கிலோமீட்டர், சுத்தி முழுக்க வேலி. 1990ல அங்க ஓரிக்ஸ விட்டாங்க. வேலி இருந்ததால வேட்டைக்காரன் உள்ள வரமுடியல, ஆடு ஒட்டகம் மேயவும் முடியல, உள்ள புல்லு செழிச்சு ஓரிக்ஸு நல்லா பெருகுச்சு, சோறும் போடல தண்ணியும் வைக்கல. எல்லாரும் ஓமான் மாதிரி ஆகாதுன்னு கைதட்டுனாங்க. அப்புறம் மழை பொய்ச்சுது. பாலைவனத்துல மழை எப்படின்னா ஒரு எடத்துல கொட்டும், நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டு விழாது. வேலியில்லாத காலத்துல ஓரிக்ஸ் என்ன பண்ணும், எங்க மழை பேஞ்சுதோ அந்தப் பக்கம் நடையக் கட்டும், அதோட பொழப்பே அந்த நடைதான். இங்க நடந்து போனா வேலி. வேலியோரமாவே நின்னு நூத்துக்கணக்குல செத்துச்சுங்க. 1999ல இருந்து ஒரு பத்து வருசத்துல திரும்பத் திரும்ப நடந்துச்சு இது.

பாத்துக்கோங்க, ஓமான்ல வேலி இல்ல, பஞ்சத்துக்குத் தப்பிச்சு மனுசன்கிட்ட மாட்டுச்சு. மஹஸாத்ல வேலி இருந்துச்சு, மனுசன்கிட்ட தப்பிச்சு பஞ்சத்துல மாட்டுச்சு. இப்ப துபாய்ல இருக்குற நெலத்துக்கு வாங்க. நாலு பக்கமும் ரோடு, ஊரு, ஒட்டகப் பண்ணை. மழையத் தேடி நடக்க எடமே கெடையாது. அங்க நூத்துக்கணக்குல ஓரிக்ஸ வச்சிட்டு புல்லு போடலன்னா மஹஸாத் மாதிரிதான் ஆகும். புல்லு போட்டா பஞ்சத்துல சாகாது, குட்டி எல்லாம் பொழைக்கும், எண்ணிக்க அந்த நெலம் தாங்குற அளவத் தாண்டிரும், அப்புறம் புல்லு போடுறத நிறுத்தவே முடியாது. புலிவால் புடிச்ச கததான்.

அதனால பரமக்குடி அண்ணே, என்னயக் கேட்டா நீங்க பாத்தது காட்டு மிருகமும் இல்ல, வளர்ப்பு மிருகமும் இல்ல, நடுவுல நிக்குது. அப்பத்தா ஆட்டுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம், ஆட்ட ஆயிரக்கணக்கான வருசமா சாதுவா இருக்குறதாப் பாத்துப் பாத்துப் பொறுக்கி வளத்திருக்கோம். இது இன்னும் மாறல, எடம் குடுத்தா போயிரும். ஓமான்ல அமெரிக்க ஜூ வாரிசுங்க போனது மாதிரியே. அமெரிக்காவுல வேலிக்குள்ள பல தலமொற வளந்த கூட்டம் ஓமான்ல எறக்கி விட்டதும் பனி நக்கிக் குடிச்சு, மழை பேஞ்ச எடம் தேடி நடந்துச்சுல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல.

2011ல சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இத 'அழியக்கூடிய நெலைல இருக்கு'ங்குற அளவுக்கு எறக்குச்சு. காட்டுல அறவே இல்லைங்குற பட்டியல்ல இருந்து மூணு படி தாண்டி வந்த மொத மிருகம் இதுதான். அப்ப காட்டுல ஆயிரம் சொச்சம், அடைச்சு வச்சதுல ஆறேழாயிரம். அந்த ஆயிரத்துலயும் பாதிக்கு மேல ஏதோ ஒரு வேலிக்குள்ளதான்னு யாராவது சொன்னா நான் வாதாட மாட்டேன்.

சும்மா_கேட்டேன்:

சரி வேலி விசயம் தெரியாது, ஒத்துக்குறேன். அப்ப வேலியும் இல்லாம புல்லும் போடாம உருப்படியா ஓடுற எடம் ஒண்ணு சொல்லுங்க, ஒண்ணே ஒண்ணு.

புல்வாய்:

ரெண்டு சொல்றேன், ஒண்ணு ஓரளவு, ஒண்ணு இன்னும் பரீட்சைல இருக்கு.

சவுதிலயே ரூபல்காலிங்குற பெரிய மணல் பாலைவனத்தோட மேற்கு ஓரத்துல உரூக் பனி மாரித்னு ஒரு எடம். 1995ல விட்டாங்க, வேலி கெடையாது. அங்கயும் திருட்டு வேட்டை, ஆட்டுக்கூட்டம் நுழையுறது எல்லாம் உண்டு, கூட்டம் ஏறி எறங்கித்தான் இருக்கு, ஆனா முப்பது வருசமா அழியாம நிக்குது. 2023ல அது ஒலக பாரம்பரியப் பட்டியல்ல சேந்துச்சு. ஓமான் இழந்த எடத்துல பக்கத்து நாடு வந்து ஒக்காந்துச்சு.

இன்னொண்ணு ஆப்பிரிக்காவுல சாட் நாடு. அங்க விட்டது இது இல்ல, இதோட சொந்தக்காரன், கொம்பு வாள் மாதிரி பின்னால வளஞ்சிருக்கும், கழுத்து செம்பழுப்பு. சகாரா ஓரத்துல லட்சக்கணக்குல இருந்தது, வேட்டை, வறட்சி, உள்நாட்டுப் போர் எல்லாம் சேந்து முடிச்சுருச்சு, 2000ல காட்டுல இல்லைன்னு அறிவிச்சாங்க. வேடிக்கை என்னன்னா அமெரிக்காவுல டெக்சாஸ் பண்ணைங்கள்ல மட்டும் ஆயிரக்கணக்குல இருந்துச்சு, காசு கட்டி சுடுறதுக்குன்னே வளக்குற பண்ணைங்க. @சும்மா_கேட்டேன் இதுக்கும் ஒரு பழமொழி வச்சிருப்பீங்க. அபுதாபி அரசாங்கம் பல நாட்டு ஜூவுல இருந்து சேத்து ஒரு பெரிய கூட்டத்த உண்டாக்கி, சரக்கு விமானத்துல ஏத்தி சாட்டுக்குக் கொண்டு போயி 2016 ஆகஸ்ட்ல தெறந்து விட்டாங்க. எடம் எவ்வளவு பெருசுன்னா கிட்டத்தட்ட 78,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல பாதிக்கு மேல. வேலி போடணும்னு நெனச்சாலும் முடியாது. கழுத்துல சாட்டிலைட் காலர் கட்டி விட்டாங்க. அதே வருசம் காட்டுல குட்டி பொறந்துச்சு. 2023 டிசம்பர்ல 'காட்டுல இல்லை'ங்குற முத்திரைய எடுத்துட்டாங்க, அந்த அறிவிப்பு வந்ததே துபாய்ல நடந்த பருவநிலை மாநாட்டுலதான்.

அங்கயும் நாடோடிங்க ஆடு மாடு ஒட்டகம் மேய்க்குற பூமிதான் அது. ஹைமா ஐயா சொன்ன கணக்குதான் அங்கயும் ஓடிட்டிருக்கு, பக்கத்துல இருக்குறவனுக்கு என்ன கெடைக்குதுங்குற கணக்கு.

ஹைமாக்காரன்:

சும்மா தம்பி சொன்ன 2007 கத எனக்குத் தெரியும், நான் அப்ப ஊருக்கு வந்துட்டேன், பேப்பர்ல பாத்தேன். எழுத மனசு வரல, அதனாலதான் விட்டேன். ஏன்னா எண்ணெய் கேம்புக்குத் தண்ணி கொண்டு போயி எறக்குனது நான்தானே. அந்தக் காசுலதான் வீடு கட்டுனேன், மூத்தவளக் கட்டிக் குடுத்தேன்.

இப்ப அங்க வேலி போட்டு உள்ள வச்சு திரும்பப் பெருக்கிட்டு இருக்காவன்னு கேள்வி. பேரும் மாத்திட்டாவ, அல் வுஸ்தா. அந்தப் பக்கம் இப்ப யாராவது வேலைல இருந்தா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க மக்கா. ஓரிக்ஸு இல்லன்னாலும் பரவால்ல, விடியக்காலப் பனி எடுத்தாலும் போதும்.

கள்ளிச்செடி:

ஐயா, நீங்கள் எழுதினதை என்ர மனுசனுக்கும் வாசிச்சுக் காட்டினன். வாற சனிக்கிழமை மிருகக்காட்சிசாலைக்குப் போறம், இந்த முறை முதல்ல ஒரிக்ஸிட்டத்தான். படம் எடுத்துப் போடுறன்.

பரமக்குடி_பாலைவனம்:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி. டூட்டில இருந்ததால உடனே வர முடியல. பையன் ஊருக்குப் போயிட்டான், நேத்து வீடியோ கால்ல ஹைமா அண்ணாச்சி எழுதுனத முழுக்கப் படிச்சுக் காட்டுனேன். வீட்டம்மா பக்கத்துல இருந்து "அந்தக் கெழவர் பாவம்"னாங்க, கயிறோட செத்துக் கெடந்தது பத்தி நான் சட்டுன்னு தாண்டிப் போயிட்டேன், பையன் கவனிச்சு "அப்பா ஒரு வரி விட்டுட்ட"ங்குறான்.

இந்த வெள்ளிக்கெழம நான் மட்டும் திரும்பப் போனேன், அஞ்சு மணிக்கே. பிக்கப் வரதுக்கு முன்னாடி என்ன பண்ணுதுங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு. மூணு நின்னுச்சு. புல்லுக்கட்டு போடுற எடத்துல இல்ல, தள்ளி ஒரு வன்னி மரத்தடில. ஒண்ணு மட்டும் அந்தப் பக்கமா தலைய திருப்பி காத்து வர்ற தெசையப் பாத்துட்டே இருந்துச்சு, ரொம்ப நேரம். அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, ரோடுதான், அதுக்கு அங்கிட்டு ஏதோ கட்டிட்டு இருக்காங்க. ஆறரைக்கு பிக்கப் வந்துச்சு, மத்த ரெண்டும் கெளம்பிப் போச்சு. இது கொஞ்சம் லேட்டாத்தான் போச்சு.

ஒரு சந்தேகம் மட்டும் புல்வாய் தம்பி. கூட ஒண்ணு மண்ணு கலர்ல சின்னதா புதர்கிட்ட படுத்திருந்துச்சு, நான் மொதல்ல கல்லுன்னு நெனச்சேன். அண்ணாச்சி சொன்ன குட்டி அதுதானே? போட்டோ கீழ போட்டிருக்கேன், ஜூம் பண்ணா இடது ஓரத்துல காது தெரியும்.

புல்வாய்:

ஆமாண்ணே, குட்டியேதான். காலு ஈரமாத் தெரியுது, பொறந்து ரெண்டு நாள் கூட இருக்காது. அடுத்த தடவ போனா இன்னும் தள்ளி நின்னு பாருங்க, தாய் பக்கத்துலதான் எங்கயாவது நிக்கும்.